மதிவதனி தேடிய மழைக்கோட்டு

ஐப்பசி மூன்றாம் தேதி காலை. பிரகதாம்பாளின் செவலைப் பசுவுக்குச் சினை ஊசி போட்டுவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போதே மதிவதனிக்கு மனசு சரியில்லை. ஊசி சரியான இடத்தில் இறங்கவில்லையோ என்ற சந்தேகம். அடுத்த ஊருக்குப் போகும் வழி முழுக்க மழை அடித்தது. பழைய மழைக்கோட்டின் தோள்பட்டை கிழிந்திருந்தது. தண்ணீர் முதுகு வழியாக இறங்கி இடுப்பில் தேங்கி, ஸ்கூட்டர் சீட்டு வரைக்கும் ஊறியது. அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது.

மதிவதனிக்கு முப்பத்தாறு வயது. ஒரத்தநாட்டைச் சுற்றிப் பதினேழு ஊர்களில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு அவள்தான் ஊசிக்காரம்மா. மாடு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் அவளுக்குத்தான் போன் வரும். காளையின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இடது கையில் தோள் வரைக்கும் உறை மாட்டி, மாட்டின் உள்ளே கையை விட்டுக் கருப்பையின் வாயைத் தடவிப் பிடிக்க வேண்டும். வலது கையால் நீளக் கம்பி போன்ற கருவியை மெதுவாகச் செலுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. உள்ளே விரல் நுனிக்கு மட்டும்தான் எது சரி, எது தவறு என்று தெரியும்.

அவளுடைய அப்பா வீரையன் இந்த ஊர்களின் வயல்களில்தான் கூலிக்கு உழுதார். அம்மா ராசம்மாள் நாற்றுப் பறித்தாள், நட்டாள், களையெடுத்தாள். மதிவதனி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கால்நடைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். பயிற்சிக்கு வந்த முப்பது பேரில் பெண்கள் இரண்டே பேர். முடித்து வந்த முதல் வருடம் அவள் தெருவைத் தவிர வேறு எங்கிருந்தும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு கன்று, இரண்டு கன்று என்று பிறந்தன. பேச்சுப் பரவியது. பதினோரு வருடத்தில், அப்பா கூலிக்கு நின்ற அதே வீடுகளிலிருந்து, "எப்ப வருவீங்க, கொஞ்சம் வெரசா வாங்க" என்று போன் வர ஆரம்பித்திருந்தது.

அன்று மாலை அவள் கணவன் பரிதி பட்டறையைச் சாத்திவிட்டு வந்தான். ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். மதிவதனி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, சாப்பிடாம பெசஞ்சுக்கிட்டே இருக்க?"

"பிரகதாம்பாக்கா வீட்டு செவலைக்குப் போட்டது நிக்காது போலருக்கு."

"ஏன்?"

"தொப்பலா நனஞ்சுட்டேன். கை நடுங்கிருச்சு. இந்தக் கோட்டு ஒண்ணுக்கும் ஒதவல."

"அப்ப நல்லதா ஒண்ணு வாங்கிக்க. மழ இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

பரிதிக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. மதிவதனிக்கு அப்போதுதான் தொடங்கியது. ஊசி நின்று சினை பிடித்துவிட்டால் மாடு மறுபடி கத்தாது. நிற்கவில்லையென்றால் இருபத்தோரு நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். செவலை கன்று போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பால் வற்றிக்கொண்டு வருகிறது. இதற்கு முன்னால் வேறு ஒருவர் போட்ட இரண்டு ஊசியும் நிற்கவில்லை. கணவன் இறந்தபிறகு பிரகதாம்பாளுக்கு அந்தப் பால்தான் கைச்செலவுக்கு. "இதுவும் நிக்கலன்னா யாவாரியத்தான் வரச்சொல்லணும் மதி" என்று அவள் சொல்லியிருந்தாள். சினை பிடிக்காத மாட்டை வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மதிவதனி தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள். கீழவாசலில் மழைக்கோட்டுகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்த ஒரு கடைக்குள் நுழைந்தாள்.

"லேடீஸுக்கு ரெண்டு பீஸ்ல இருக்கா?"

"லேடீஸுக்குன்னா கவுன் மாதிரி இருக்கும்மா. முட்டி வரைக்கும் வரும். பூப்போட்டது."

"வண்டியில உக்காந்தா தொட நனையுமே."

"லேடீஸ் அவ்வளவு மழையில போக மாட்டாங்களே" என்றார் கடைக்காரர்.

மதிவதனி பக்கத்து வரிசைக்கு நகர்ந்தாள். ஆண்களுக்கான கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். தையல் மீது பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டாத இடத்தில் வாயை வைத்து ஊதினாள். காற்று மறுபக்கம் வந்தது. காற்று வந்தால் தண்ணீரும் வரும். இன்னொன்றை எடுத்து ஊதினாள். கடைக்காரர் சங்கடப்பட்டு, போர்வை மாதிரி இருந்த ஒன்றை எடுத்துப் போட்டார். தலை வழியாக மாட்டிக்கொள்வது. கை, கால், ஹேண்டில்பார், முன்னால் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் சேர்த்து மூடும்.

"பொன்சோன்னு சொல்லுவாங்க. தையலே கெடையாது. ஊதிப் பாருங்க."

தையல் இல்லை என்ற ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. கேனும் நனையாது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், புது ஆறு என்று அழைக்கிற பெரிய கால்வாயின் கரைச் சாலையில் போகும்போது எதிரிலிருந்து காற்று அடித்தது. முன்பக்கம் குப்பென்று உப்பி, அப்படியே முகத்தின் மேல் ஏறி மூடிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் நீல நிற பிளாஸ்டிக்கைத் தவிர ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஆறு கரைமுட்ட ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரேக்கைப் பிடித்தாள். வண்டி சேற்றில் ஒரு வீச்சு வீசி, கரையோரப் பனைமரத்தில் முட்டி நின்றது. போர்வையைக் கழற்றிப் பார்த்தபோது பின்பக்கத்து முனை சக்கரத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

பட்டறையில் பரிதி அதை அறுத்து எடுத்தான். கிழிந்த துண்டை அவள் முன்னால் போட்டான். பிறகு, "இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா வண்டி நின்னுருக்கும், நீ ஆத்துல கெடந்துருப்ப" என்றான்.

அடுத்து வாங்கியது தடித்த ரப்பர் பூசிய இரண்டு துண்டுக் கோட்டு. ரயிலடிப் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. அதில் மழை இறங்கவே இல்லை. ஆனால் உள்ளே வேர்த்துக் கொட்டியது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றினால், மழையில் நனைந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. கோட்டின் கை இருந்தால் தோள் வரைக்கும் உறை மாட்ட முடியாது. ஒற்றைக் காலில் நின்று பேண்டை உருவுவதற்குள் மழை முழுக்க நனைத்துவிடும். வேலை முடிந்ததும் ஈரத் துணி மேலேயே மறுபடி மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு வீடு. எட்டுத் தடவை கழற்றி எட்டுத் தடவை மாட்டினாள்.

இதற்கிடையில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. வேறு வேலையாகப் போனாலும் பிரகதாம்பாள் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. இறங்க மாட்டாள். வண்டியை மெதுவாக்குவாள். வாசலில் பிரகதாம்பாள் நின்றால், "செவலை எப்படிக்கா இருக்கு?" என்பாள்.

"தின்னுது, படுக்குது. ஏன் மதி, எறங்கேன், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்ல."

"வேல கெடக்குக்கா."

ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். போகிற வழியில் கடைகளில் தொங்குகிற கோட்டுகள் கண்ணில் படும். சாலையில் எதிரே வருகிறவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். பூதலூரிலிருந்து பால் எடுத்து வருகிற ஒருவரை டீக்கடையில் நிறுத்தி, கோட்டின் கழுத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். அவர் பயந்துபோய்க் காட்டினார். வீட்டில் போனை வைத்துக்கொண்டு மழைக்கோட்டுக்கு யார் யார் என்ன மதிப்புரை எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் அருமை என்பார், அடுத்தவர் மோசம் என்பார். ராசம்மாள் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க ஒர சாக்க மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு நாள் பூரா நட்டோம். இதுக்கா இவ்வளவு படிக்கிற?" என்றாள்.

"நீங்க நட்டது நாத்தும்மா. கை நடுங்குனாலும் அது நின்னுக்கும்" என்றாள் மதிவதனி வெடுக்கென்று. சொன்ன பிறகு அதற்காகவும் வருத்தப்பட்டாள்.

கடைசியில் பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கான ஒரு கோட்டை போன் வழியாக வரவழைத்தாள். லேசான துணி. எல்லாத் தையலிலும் பட்டை. வேர்வை வெளியேற அக்குளில் வலை. ஆண்களுக்காகத் தைத்ததுதான். தோள் தொங்கியது, இடுப்பு இறுக்கியது. ஆனாலும் இதுதான் என்று தோன்றியது. மழையில் போய்த் தெரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை. பட்டறையில் வண்டி கழுவுகிற இடத்தில் ஸ்கூட்டரைப் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அடிங்க" என்றாள் பரிதியிடம்.

"ஆளுங்க பாக்குறாங்க மதி."

"பாக்கட்டும். அடிங்க."

பரிதி குழாயைத் திறந்து தலையிலிருந்து கால் வரை அடித்தான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து அவள் இறங்கி உள்ளே தொட்டுப் பார்த்தாள். மார்பு, தோள், கை எல்லாம் காய்ந்திருந்தன. உட்கார்ந்த இடம் மட்டும் நன்றாக நனைந்திருந்தது.

பக்கத்துக் கடை லத்தீஃபா இதை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். எழுந்து வந்து பேண்டை வாங்கிப் புரட்டினாள்.

"மதிக்கா, மேலேருந்து வர்ற தண்ணி இல்ல இது. சீட்டுல தேங்குது பாருங்க. நீங்க அது மேல உக்காந்து அமுக்குறீங்க. அமுக்குனா எந்தப் பட்டையும் தாங்காது. நாலு துணியோட தையலும் இங்கதான் வந்து சேருது."

"அப்ப என்ன பண்றது?"

"தையலே இல்லாம ஒரே துண்டா மேல ஒட்டணும். ஊசி போட்டா ஓட்ட விழும். பஞ்சர் சொல்யூஷன் வச்சு ஒட்டித் தர்றேன்."

மதிவதனி அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டாள். ஜிப்புக்கு மேலே ஒரு மடிப்பு வேண்டும். கழுத்து உள்பக்கம் துண்டுத் துணி வேண்டும், வழிகிறது அதில் ஊறட்டும். பேண்டின் கால் பக்கத்தில் முட்டி வரைக்கும் திறப்பு வைத்தால் செருப்போடு மாட்டலாம். பிறகு கொஞ்சம் யோசித்து, "எடது கை மட்டும் தோள்லேருந்து தனியாக் கழட்டுற மாதிரி வைக்க முடியுமா?" என்றாள்.

"ஒரு கைக்கு மட்டுமா? எதுக்குக்கா?"

"கோட்டோடயே கொட்டகைக்குள்ள போயிடுவேன். கையக் கழட்டிட்டு உறைய மாட்டுனா போதும். நனையவே வேணாம்."

லத்தீஃபா சிரித்தாள். மூன்று நாளில் தைத்துக் கொடுத்தாள். டிச் பட்டன் வரிசையாக வைத்து, அதன் மேல் ஒரு மூடியும் வைத்திருந்தாள். மறுபடி பரிதி தண்ணீர் அடித்தான். இந்தத் தடவை எங்கும் நனையவில்லை. மதிவதனி எல்லா இடத்தையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். அதைப் போட்டுக்கொண்டு போக அதற்குப் பிறகு இரண்டு நாள் மழையே இல்லை. இருபதாம் நாள், இருபத்தோராம் நாள். போன் அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் யார் பேர் என்று பார்த்தாள்.

இருபத்திரண்டாம் நாள் மாலை வந்தது அந்த போன்.

"மதி, செவலை மத்தியானத்துலேருந்து கத்துதும்மா. பின்னாடி வழும்பா ஒழுகுது."

மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள். "காலையில வர்றேன்க்கா" என்றாள்.

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். விடிந்தபோது எதிர்வீடு தெரியாத அளவுக்குக் கொட்டியது.

"தண்ணி வடிஞ்சதும் போலாமே" என்றான் பரிதி.

"அதுக்குள்ள பருவம் போயிடும்."

"நான் வரவா?"

"வேணாம். ரெண்டு பேர் உக்காந்தா வண்டி சேத்துல எறங்கும்."

கேனை வழக்கமான இடத்தில் வைக்காமல் பின்சீட்டில் உயரமாக வைத்து ரப்பர் கயிற்றால் கட்டிக்கொடுத்தான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் முழுக்க மூழ்கியிருந்தது. வயலும் வாய்க்காலும் சாலையும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. மின்கம்பங்களை வைத்துத்தான் சாலை எங்கே போகிறதென்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாள். மழை கல் விழுகிற மாதிரி தோளில் விழுந்தது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மதகுக்கு மேலே கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். ஜிப்பைச் சற்று இறக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். சட்டை மொடமொடவென்று இருந்தது. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

கையை வெளியே எடுத்தபோது அது நடுங்கிக்கொண்டிருந்தது.

மதிவதனி அதைப் பார்த்தாள். கோட்டுக்குள் சூடேறிய கை. குளிரவில்லை. நடுங்கியது. நனைந்ததால்தான் கை நடுங்கியது என்று இருபது நாளாகத் தனக்கும் பரிதிக்கும் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். இப்போது பழிபோட ஒரு மழைக்கோட்டு கூட மிச்சமில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

பிரகதாம்பாள் வீட்டுக் கொல்லையில் கொட்டகை. கீற்று இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு செவலையின் தலைக்கயிற்றைப் பிடித்து நின்றாள்.

"இந்த மழையில வந்துட்டியே" என்றாள்.

மதிவதனி திட்டமிட்டிருந்தபடியே கோட்டோடு உள்ளே நுழைந்து, இடது தோளின் பட்டன்களை ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்பட்டென்று வரிசையாகச் சத்தம் வந்தது. கழன்ற கை சரசரவென்று தொங்கியது. செவலை திரும்பிப் பார்த்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, பளபளவென்று, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற அந்த உருவம் மாதிரி எதையும் அது முன்னால் பார்த்ததில்லை. ஒரே துள்ளல். முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. பிரகதாம்பாள் வைக்கோல் மேல் விழுந்தாள். மாடு கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வாழைகளுக்கு நடுவே ஓடி, மூழ்கிக்கிடந்த வயலுக்குள் இறங்கிவிட்டது.

"அடி படலியேக்கா?"

"எனக்கொண்ணுமில்ல. அதப் புடி, அது வாய்க்கா பக்கம் போவுது."

கோட்டோடு ஓட முடியவில்லை. மதிவதனி அதை உருவி வாழை மேல் வீசிவிட்டு முட்டித் தண்ணீரில் இறங்கினாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் பிரகதாம்பாள். சேறு காலைப் பிடித்தது. மதிவதனி இரண்டு முறை விழுந்தாள். பிரகதாம்பாள் "ந்தா, ந்தா, வாடி, வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். வாய்க்கால் கரை அருகே மாடு அந்தக் குரலுக்கு நின்றது. இருவரும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பும்போது தலைமுடியிலிருந்து கால் வரை மதிவதனியிடம் காய்ந்த இடம் என்று ஒன்று இல்லை.

"இப்ப உடனே போட முடியாதுக்கா. ரெண்டு பேருக்கும் படபடப்பு அடங்கணும்" என்றாள்.

செவலை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதன் தலைக்கு நேரே கூரை ஒழுகியது. கயிற்றைப் பிடிக்க அங்கேதான் நிற்க வேண்டும். பிரகதாம்பாள் வாழை மேல் கிடந்த கோட்டை எடுத்து வந்து உதறினாள்.

"நீதான் நனஞ்சாச்சு. இத நான் போட்டுக்கவா?"

மதிவதனி தலையாட்டினாள். பிரகதாம்பாள் புடவை மேலேயே அதை மாட்டிக்கொண்டு, ஒரு கை இருந்தும் ஒரு கை இல்லாமலும் மாட்டின் தலைப் பக்கம் போய் நின்றாள். அந்தத் தெருவில் ராசம்மாள் வேலை செய்த காலத்தில் அவளுடைய துணி தங்கள் வீட்டுக் கொடியில் படாமல் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. பிரகதாம்பாள் அதை நினைத்தாளோ இல்லையோ, மதிவதனிக்கு நினைவு வந்தது. செவலை முதலில் பின்வாங்கியது. பிரகதாம்பாள் பேசிக்கொண்டே இருந்தாள். மாடு மூக்கை நீட்டி முகர்ந்தது. பிறகு கோட்டின் கழுத்துப் பக்கம் நாக்கை வைத்து நக்கத் தொடங்கியது.

"உப்பா இருக்கு போல, ஒன் வேர்வை" என்றாள் பிரகதாம்பாள்.

மதிவதனி சிரிக்கவில்லை. பசுவின் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சூடு கையில் ஏறியது.

"அக்கா, போன தடவ நான் சரியாப் போடல."

பிரகதாம்பாள் திரும்பவில்லை.

"கருப்ப வாய் சரியாப் புடிபடல. இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னு தேடியிருக்கணும். அடுத்தடுத்து போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. போட்ட வரைக்கும் போதும்னு எடுத்துட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து இன்னொன்னு போட்டிருந்தா சரியாயிருக்கும். ஏன் வந்தன்னு நீங்க கேப்பீங்களேன்னு வரல. மழையில கை நடுங்கிருச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

பிரகதாம்பாள் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"தெரியும்" என்றாள் பிரகதாம்பாள். "அன்னிக்கு நீ ஹெல்மெட்டக் கூடக் கழட்டல."

மதிவதனி மாட்டின் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பறம் ஏன்க்கா என்னையே கூப்பிட்டீங்க?"

"தெனம் வாசல்ல வந்து வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனியே. எனக்கென்ன தெரியாதா? வேற யாரு அப்படி வருவா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அன்னிக்கே சொல்லியிருக்கணும் நீ. ஒரு மாசத் தீனி போச்சு எனக்கு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

"ஆமாங்கக்கா."

அந்தத் தெருவில் அவள் தவறு செய்தால் அது அவளோடு நிற்காது, அவளுடைய அப்பா பேர் வரைக்கும் போகும் என்ற பயம்தான் பதினோரு வருடமாக அவளை விரட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். உறையை மாட்டினாள். போன் எங்கோ பைக்குள் அடித்தது. எடுக்கவில்லை. விரல் நுனி தேடியது, தவறியது, மறுபடி தேடியது. செவலை ஒரு முறை நெளிந்துவிட்டு நின்றது. பிடிபட்டது. அவள் மூச்சை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அவசரப்படாமல், மெதுவாக இறக்கினாள்.

"இப்ப சரியா விழுந்துச்சுக்கா" என்றாள். "ஆனா நிக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நல்லாப் போட்டாலே ரெண்டுக்கு ஒண்ணு தவறும்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா ஒனக்கும் தூக்கம் வந்திருக்கும்" என்றாள் பிரகதாம்பாள், கோட்டைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே.

செவலை அதற்குப் பிறகு கத்தவில்லை. மாசி மாதம் மதிவதனி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். மூன்று மாதச் சினை. பிரகதாம்பாள் மாட்டின் முதுகை நீவிக்கொண்டு நின்றாள்.

கோட்டை மதிவதனி லத்தீஃபாவிடம் திரும்பக் கொடுத்து, பட்டனை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத நாடா வைக்கச் சொன்னாள். கிராமங்களுக்குப் போகிற இரண்டு நர்சுகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் உட்காரும் இடத்தில் ஒட்டித்தரக் கேட்டார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பரிதியிடம் அந்தப் புயல் மழை நாள் இரவே உண்மையைச் சொல்லிவிட்டாள். "இதுக்காக என்னைய ரெண்டு வாட்டி தண்ணி அடிக்கச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டான்.

ஓட்டம் குறையவில்லை. இப்போதும் நாளுக்கு ஏழு எட்டு வீடு. ஆனால் சந்தேகம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறாள். பங்குனியில் ஒரு வீட்டில், "இன்னிக்கு திருப்தியா விழலைங்க. சாயங்காலம் வந்து இன்னொண்ணு போடுறேன்" என்றாள். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா, இத்தன வருஷமாப் போடுறீங்க, இன்னும் திருப்தியில்லங்குறீங்க" என்றார். அவர் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம். மதிவதனி அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினாள். மாலை ஐந்து மணிக்கு, வெயில் இறங்குகிற நேரத்தில், கேனைக் கட்டிக்கொண்டு திரும்பப் போனாள்.